கருவில் கை அமையும் விதம்

நான் ஆசிரியப் பணி ஏற்ற காலத்தில் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமைதோறும் காலை வழிபாடு முடிந்ததும் மாணவர்கள் வரிசையாக நின்று இரு கைகளையும் முன்னே நீட்டுவார்கள். ஆசிரியர் நகங்களைப் பார்த்துக்கொண்டே செல்வார். ஆசிரியப் பயிற்சியின்போது உடல்நலக் கல்வி என்னும் பாடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த முறை அது. முறையில் குற்றமில்லை. 1986ஆம் ஆண்டு ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த சிறுவன் ஒருவன் இடக்கையை மட்டும் நீட்டினான். வலக்கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. நான் அதட்டினேன். மெல்லக் கையை எடுத்தான். நடுவிரலும் மோதிர விரலும் தோலால் ஒன்றாக ஒட்டியிருந்தன. அவ்விரண்டின் நடுவே மற்றொரு சிறு விரலின் எலும்பு புடைத்துத் தெரிந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் அவர்கள் சிரிப்பை அடக்கவும் இல்லை.

மறுநாள் காலை அவனுடைய பெற்றோர் பள்ளிக்கு வந்தனர். தந்தையார் தாழ்வாரத்துத் தூணருகே ஒதுங்கி நின்றார். தாயார்தாம் பேசினார். "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க சார். குத்தம் என்னோடது. ஏழாம் மாசம், வளைகாப்பு முடிஞ்ச வாரம், சந்திர கிரகணத்தன்னிக்கு மறந்துபோயி அருவாமனையில வெங்காயம் அரிஞ்சிட்டேன். அதான் விரல் இப்படி ஆயிடுச்சு" என்றார். பதினோரு ஆண்டுகளாகப் புகுந்த வீட்டில் அவர் கேட்டு வந்த சொல் அது. கேட்டுக் கேட்டு அவரே நம்பிவிட்ட சொல். அறிவியல் கற்பிக்கும் ஆசிரியனாகிய நான், "அப்படியெல்லாம் இல்லை, அம்மா" என்றேன். அப்படி இல்லையாயின் வேறு எப்படி என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாணத்தால் தலை குனிந்தபோது தந்தையாரின் வெறுங்கால்கள் கண்ணிற் பட்டன. இரு பாதங்களிலும் நான்காம் விரலும் சுண்டுவிரலும் பிளவின்றி ஒட்டியிருந்தன. அதைக் கண்டேன், ஆனால் கண்டதன் பொருளை உணரத் தெரியவில்லை.

அந்தத் தாயாருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையே இன்றைய பேச்சின் பொருள். அதில் ஒரு பகுதி அன்றைய நூல்களிலேயே இருந்தது, நான் படித்திருக்கவில்லை. மற்றொரு பகுதி பத்தாண்டுகள் கழித்து, 1996இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. பணி ஓய்வு பெற்றபின் இரண்டையும் தேடிப் படித்தேன். படித்ததை நேயர்களுக்கு இயன்ற அளவு எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில், கை எப்பொழுது உண்டாகிறது என்று பார்ப்போம். கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால், நான்காவது வாரத்தின் இறுதியில் கருவின் இரு பக்கங்களிலும் சிறு மொட்டுகள் போன்ற இரண்டு புடைப்புகள் தோன்றுகின்றன. அப்பொழுது கரு முழுவதுமே ஒரு நெல்மணியின் நீளம் இராது. அம்மொட்டுகளே கைகள். இரண்டொரு நாள் கழித்துக் கால்களுக்குரிய மொட்டுகள் எழுகின்றன. ஐந்தாவது வாரத்தில் கைமொட்டின் நுனி தட்டையாகி ஒரு துடுப்பைப் போல் ஆகிறது. ஆறாவது வாரத்தில் அத்துடுப்புக்குள் ஐந்து கதிர்கள் திரளுகின்றன. அவை பின்னால் விரலெலும்புகளாகப் போகின்றவை. அந்நிலையில் விரல்களுக்கு இடையே தோலும் சதையும் நிறைந்திருக்கும். வாத்தின் காலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதன்பின் விரலிடையில் உள்ள உயிரணுக்கள் தாமாகவே மடிந்து ஒழிகின்றன. இடைவெளி பிறக்கிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. அப்பொழுது கருவின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்.

இந்த ஒரு செய்தியை நான் 1986இல் அறிந்திருந்தால் போதும். அந்தத் தாயாரின் கணக்கை அவர் முன்னிலையிலேயே தவறென்று காட்டியிருப்பேன். எட்டாவது வாரம் என்பது இரண்டாம் மாதம். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பது உறுதியாகத் தெரிகின்ற காலமே அதுதான். அவர் வெங்காயம் அரிந்தது ஏழாம் மாதத்தில். அந்த அரிவாள்மனை வெட்டுவதற்கு முன்பே பிள்ளையின் விரல்கள் அமைந்து முடிந்து ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. அமைந்து முடிந்த விரல்களைக் கிரகணம் போய் ஒட்டவைக்க இயலுமா? அன்று கிரகணம் கண்ட நாடெங்கும் எத்தனையோ கருவுற்ற பெண்கள் காய் அரிந்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளெல்லாம் இவ்வாறு பிறந்துவிடவில்லையே!

அப்படியானால் உண்மையான காரணம் யாது? இதற்கு விடை காண, சற்றுத் தொலைவு சுற்றி வர வேண்டும்.

வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் ஒன்றே, சுண்ணாம்பும் ஒன்றே. அடுக்களைச் சுவருக்கும் கூடத்துச் சுவருக்கும் ஒரே செங்கல்தான். இங்கே நிலைப்படி வர வேண்டும், இங்கே சன்னல் வர வேண்டும் என்று இடம் அறிந்து சொல்பவர் மேஸ்திரி. மனித உடலும் அவ்வாறே. கையில் உள்ள எலும்பும் காலில் உள்ள எலும்பும் ஒரே வகைப் பொருளால் ஆனவை. எல்லா உயிரணுக்களும் ஒரே மரபுச் செல்வத்தையே பெற்றிருக்கின்றன. அவ்வாறிருக்க, 'நீ தோளில் இருக்கிறாய், நீ விரல் நுனியில் இருக்கிறாய்' என்று கருவின் உயிரணுக்களுக்குச் சொல்லும் மேஸ்திரி யார்?

இக்கேள்விக்கு முதல் தடயம் கிடைத்தது சின்னஞ்சிறு ஈ ஒன்றிடம். 1894ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பேட்சன் என்பவர் உயிர்களில் காணப்படும் மாறுபாடுகளைத் தொகுத்து ஒரு பெரிய நூல் எழுதினார். ஓர் உறுப்பு தோன்ற வேண்டிய இடத்தில் வேறோர் உறுப்பு தோன்றுவதை அதில் விவரித்து, அதற்கு 'ஹோமியோசிஸ்' என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில் பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்தவர்கள் இத்தகைய விந்தைகளைத் தங்கள் சீசாக்களிலேயே கண்டார்கள். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீக்கள் நமக்குப் பழக்கமானவை. அந்த ஈக்களில் சிலவற்றுக்குத் தலையில் உணர்கொம்பு முளைக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்திருந்தது. கலிபோர்னியாவில் எட்வர்டு லூயிஸ் என்னும் அறிஞர், இரண்டு இறக்கை இருக்க வேண்டிய ஈயை நான்கு இறக்கையோடு பிறக்கச் செய்தார். பல்லாண்டுகள் உழைத்து அவர் கண்ட முடிவுகள் 1978இல் வெளியாயின. 1995இல் வேறு இருவரோடு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லூயிஸ் கண்ட உண்மைகளுள் ஒன்று நம்மை வியக்க வைக்கிறது. ஈயின் உடற்பகுதிகளை வகுக்கும் மரபணுக்கள் குரோமோசோமில் அடுத்தடுத்து வரிசையாக அமைந்துள்ளன. உடலில் அப்பகுதிகள் எந்த ஒழுங்கில் வருகின்றனவோ, அதே ஒழுங்கில் அவற்றின் மரபணுக்களும் நிற்கின்றன. இருப்புப்பாதைக் கால அட்டவணையில் நிலையங்களின் பெயர்கள் அச்சாகியுள்ள வரிசையும், வண்டியில் செல்லும்போது அந்நிலையங்கள் வரும் வரிசையும் ஒத்திருப்பதைப் போன்றது இது.

அடுத்த கண்டுபிடிப்பு 1983, 1984ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. நான் ஆசிரியப் பணியில் அடியெடுத்து வைத்த ஆண்டுகள் அவை என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு வகை வெட்கம் உண்டாகிறது. சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் வால்ட்டர் கேரிங் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் மக்கின்னிசும் மைக்கேல் லெவினும் பிறரும், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மாத்யூ ஸ்காட்டும் ஏமி வீனரும், ஒருவரையொருவர் சாராது ஒன்றைக் கண்டார்கள். ஈயின் உறுப்புகளை இடம் மாற்றும் இம்மரபணுக்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஒரு சிறு பகுதி இருந்தது. அதன் நீளம் 180 எழுத்துகள். அதற்கு 'ஹோமியோபாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெரிய கடிதத்தின் நடுவே கட்டம் கட்டி எழுதிய பகுதியைப் போன்றது என்று கொள்ளலாம்.

எழுத்துகள் என்றேன், அதனைச் சற்று விளக்க வேண்டும். மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ. என்னும் இழை நான்கே வகை எழுத்துகளால் ஆனது. மனிதனுடைய முழுச் செய்தியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. மரபணுவின் செய்தியில் மூன்று எழுத்துகள் சேர்ந்தால் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் ஒரு சொல். அமினோ அமிலங்களைக் கோத்து உயிரணு புரதங்களைச் செய்கிறது. 180 எழுத்துகள் என்றால் 60 அமினோ அமிலங்கள். இந்த 60ம் சுருண்டு மூன்று திருகுகளாக மடிகின்றன. மூன்றாவது திருகு டி.என்.ஏ. இழையின் பள்ளத்தில் சென்று பொருந்துகிறது. ஆகவே, ஹோமியோபாக்ஸ் தரும் புரதப் பகுதி ஒரு கையைப் போன்றது. அந்தக் கையால் அப்புரதம் மற்ற மரபணுக்களைப் பற்றி, சிலவற்றைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. தலைமையாசிரியர் தாமே பாடம் நடத்துவதில்லை, சுற்றறிக்கை விடுகிறார். அதைக் கண்டு ஒரு வகுப்பு விளையாடச் செல்கிறது, மற்றொரு வகுப்பு தேர்வெழுத அமர்கிறது. இம்மரபணுக்களின் தொழிலும் அத்தகையதே.

ஈயில் கண்ட அந்தப் பகுதி, தேடிப் பார்த்தபோது தவளையில் இருந்தது, எலியில் இருந்தது, மனிதனிலும் இருந்தது. 1990இல் எலியின் மரபணு ஒன்றை ஈயினுள் செலுத்திப் பார்த்தபோது, ஈயின் சொந்த மரபணு செய்வதைப் போலவே அது உணர்கொம்பைக் காலாக மாற்ற முற்பட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன இரு கிளைகளில் ஒரே கட்டளைமொழி நிலைத்திருக்கிறது. மனிதனிடம் ஹோமியோபாக்ஸ் கொண்ட மரபணுக்கள் 200க்கு மேல் உள்ளன. அவற்றுள் உடலின் இடங்களை வகுப்பவை 39. அவற்றை ஹாக்ஸ் மரபணுக்கள் என்பர். அவை ஏ, பி, சி, டி என நான்கு கூட்டங்களாக முறையே 7, 17, 12, 2 ஆகிய எண்ணுடைய குரோமோசோம்களில் வரிசையாக நிற்கின்றன. வரிசையில் அவற்றுக்கு 1 முதல் 13 வரை எண்கள் உண்டு. சிறிய எண்கள் தலைப்பக்கத்தையும் பெரிய எண்கள் உடலின் கடைப்பகுதியையும் வகுக்கின்றன.

இங்கே நம் கைக்குத் திரும்புவோம். உடல் நெடுகிலும் இடம் வகுத்த இம்மரபணுக்களில் சில, கைகால்களை அமைப்பதற்கும் பயன்படுகின்றன. டி கூட்டத்தின் மரபணுக்கள் கைமொட்டில் இரு முறை வேலை செய்கின்றன. முதல் முறை, தோளை அடுத்த மேற்கையும் முன்கையும் உருவாகும்போது. இரண்டாம் முறை, உள்ளங்கையும் விரல்களும் உருவாகும்போது. இந்த இரண்டாம் முறையில் முன்னணியில் நிற்பது வரிசையின் கடைசி மரபணு, ஹாக்ஸ் டி 13. அதனோடு ஏ கூட்டத்தின் 13ஆவது மரபணுவும் துணை நிற்கிறது. 1996இல் இவ்விரண்டையும் நீக்கிய எலிக்கருக்களில் முறையான விரல்கள் அமையவே இல்லை. 2016இல் சிகாகோ நகரில் ஒரு சிறு மீனிடம் 13ஆம் எண் மரபணுக்களை நீக்கிப் பார்த்தார்கள். துடுப்பின் கதிர்கள் குன்றின. அடியிலுள்ள சிற்றெலும்புகள் பெருகின. மீனின் துடுப்புக் கதிருக்கும் நம் விரலுக்கும் மேஸ்திரி ஒருவரே என்று இதனால் விளங்குகிறது.

இப்பொழுது அச்சிறுவனின் விரல்களுக்கு வருகிறேன். நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டி, இடையே மிகை விரல் தோன்றுவதும், காலில் நான்காம் விரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருப்பதும் ஒரே குறையின் இரு தோற்றங்கள் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். குடும்பத்தில் வழிவழியாக வருவது என்பதையும் அறிந்திருந்தார்கள். எந்த மரபணுவால் வருகிறது என்பது மட்டும் தெரியாதிருந்தது. 1996இல் அது ஹாக்ஸ் டி 13 என்று கண்டறியப்பட்டது. மனிதனின் ஹாக்ஸ் மரபணு ஒன்றில் ஏற்பட்ட பிழை, உடலமைப்பில் ஒரு குறையை விளைவிக்கிறது என்று மெய்ப்பிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டில், துணை நிற்கும் ஏ 13 மரபணுவின் பிழையும் கண்டறியப்பட்டது. அது கைகால் விரல்களோடு சிறுநீர், பிறப்புறுப்புப் பாதைகளின் அமைப்பையும் பாதிக்கிறது. உடலின் கடைக்கோடியையும் கைகளின் கடைக்கோடியையும் ஒரே எண் வகுப்பதால் இரண்டும் சேர்ந்து பிழைபடுகின்றன.

ஹாக்ஸ் டி 13இல் நேரும் பிழை எத்தகையது? அது தரும் புரதத்தின் முற்பகுதியில் அலனின் என்னும் அமினோ அமிலம் தொடர்ச்சியாக 15 முறை வருகிறது. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே சொல் பதினைந்து முறை அடுத்தடுத்து வந்தால், எவ்வளவு கருத்துள்ள எழுத்தாளரும் எண்ணிக்கையில் தடுமாறுவார். உயிரணு தன் ஏட்டைப் படியெடுக்கும்போதும் அத்தடுமாற்றம் அரிதாக நேர்ந்துவிடுகிறது. 15 என்பது 22 ஆகிறது. சிலரிடம் 29 வரையும் ஆகிறது. மிகை கூடினால் குறையும் பொதுவாகக் கடுமையாகிறது. கட்டம் கட்டிய அந்த ஹோமியோபாக்ஸ் பகுதியில் யாதொரு பிழையும் இல்லை. பற்றும் கை செம்மையாகவே இருக்கிறது. ஆயினும் முற்பகுதி நீண்டுவிட்டதால் புரதம் சரியாக மடிவதில்லை. தன்னினத்தோடு திரண்டு கட்டியாகி, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. சுற்றறிக்கை பிழையின்றி எழுதப்பட்டும் அலுவலக அறையை விட்டு வெளிவராத நிலை இது. விரல்களை எண்ணி வகுக்க வேண்டிய நாளில் கட்டளை குறைந்துபோகிறது. ஒரு கதிர் மிகையாகத் தோன்றுகிறது. இடைவெளி பிறப்பதும் தடைப்படுகிறது.

இம்மரபணுவுக்கு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு படிகள் உண்டு: தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒரு படியில் பிழை இருந்தாலே இக்குறை வெளிப்படக்கூடும். பிழையுள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படி வந்து சேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது. ஒரே குடும்பத்திலும் அது ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. ஒருவருக்குக் கைகளில் தெரியும். மற்றொருவருக்குக் கால்களில் மட்டும் தெரியும். வேறொருவரிடம் தோன்றாமலே இருந்து அவர் பிள்ளையிடம் தோன்றும். காலணி அணியாத ஊரில், சேற்று வயலில் இறங்கும் கால்களை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அந்தத் தந்தையாரின் பாதங்கள் எல்லாருக்கும் தெரியும்படியே இருந்தன. தாயாரின் அரிவாள்மனையைப் பார்த்தவர்கள் அவற்றைப் பார்க்கவில்லை. நான் மருத்துவனல்லன், ஆய்வுக்கூடச் சோதனை எதுவும் அக்குடும்பத்துக்கு நடக்கவும் இல்லை. ஆயினும் நூல்கள் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும் அவர்களிடம் பொருந்தியிருந்தன.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். முதலாவது, விரல் மிகையாக இருப்பவர், ஒட்டியிருப்பவர் எல்லாரிடமும் இம்மரபணுவே பிழைபட்டது என்று எண்ணிவிடலாகாது. வேறு மரபணுக்களின் பிழையாலும் அவை நேரும். மரபணுவில் பிழையே இன்றிப் புறக்காரணத்தாலும் கைகால் குறைகள் நேர்வதுண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தை உலகம் மறக்க இயலாது. தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் கொடுத்த மருந்து அது. கைமொட்டும் கால்மொட்டும் எழும் நாட்களையொட்டி அதை உண்ட தாய்மாரின் குழந்தைகள் குறுகிய கைகால்களோடு பிறந்தன. 1961இல் ஜெர்மனியில் லென்ஸ் என்பவரும் ஆஸ்திரேலியாவில் மக்பிரைடு என்பவரும் இதைக் கண்டு உரைத்தபின், மருந்து விலக்கப்பட்டது. அதற்குள் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டன. கருவுற்றவர்கள் அஞ்ச வேண்டியது கிரகணத்துக்கு அன்று. மருத்துவரைக் கேளாமல் மருந்து உண்பதற்கே. அந்த மருந்திலும் பழி தாய்மாருடையதன்று. நம்பிக் கொடுத்ததை நம்பி உண்டவர்கள் அவர்கள்.

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் முக்கியமானது. குறை தந்தை வழியில் வந்தது என்று அறிந்தவுடன், இதுகாறும் தாயின் தலைமேல் இருந்த பழியை எடுத்துத் தந்தையின் தலைமேல் வைப்பதற்காக இந்த அறிவு ஏற்பட்டதன்று. எந்தப் படியைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று எந்தத் தந்தையும் தேர்ந்தெடுப்பதில்லை. தமக்கு எந்தப் படி வர வேண்டும் என்று அவர் தம் பெற்றோரிடம் கேட்டு வாங்கியதும் இல்லை. 300 கோடி எழுத்துகளைப் படியெடுக்கும் வேலையில் ஏதோ ஒரு தலைமுறையில் விழுந்த தடுமாற்றம் அது. நம் எல்லாரிடமும் வேறு வேறு இடங்களில் அத்தகைய தடுமாற்றங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வெளியே தெரிவதில்லை, அவ்வளவே.

அறிந்து செய்யத்தக்கவை சில உண்டு. ஒட்டிய விரல்களை அறுவை முறையால் பிரிக்கலாம். எந்த வயதில் செய்வது, எத்தனை முறை செய்வது என்பதைக் கை அறுவையில் தேர்ந்த மருத்துவர் பார்த்துச் சொல்வார். குடும்பத்தில் இக்குறை உள்ளவர்கள், மரபுவழி நோய்களைப் பற்றி ஆலோசனை கூறும் மருத்துவரிடம் தம் குடும்ப வரலாற்றைச் சொல்லி விளக்கம் பெறலாம். ஆசிரியர்கள் செய்யத்தக்கது இன்னும் எளிது. பைக்குள் மறைந்திருக்கும் கையை வெளியே இழுக்காதிருப்பது; வரிசையில் எழும் சிரிப்பை உடனே அடக்குவது; 'பின் எப்படி?' என்று ஒரு தாய் கேட்கும் நாளுக்கு முன்பே விடையைப் படித்து வைத்திருப்பது. பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லித் தராத பாடங்கள் இவை. என் பிழையால் நான் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவ்வூரில் ஒரு திருமண வீட்டில் அந்தத் தாயாரைச் சந்தித்தேன். எழுபது வயதைக் கடந்துவிட்டார். மகன் வெளியூரில் வேலையாக இருப்பதாகச் சொன்னார். கணவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பந்தி முடிந்தபின் திண்ணையில் அமர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காலங்கடந்த என் விடையை அவரிடம் சொன்னேன். கிரகணத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே விரல்கள் அமைந்து முடிந்துவிட்டன என்றேன். எழுத்துப் பிழையைச் சொன்னேன். அவர் கணவரின் பாதங்களைச் சொல்லும்போது எனக்குக் குரல் தயங்கிற்று. அவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "அவுக போறதுக்குள்ள இத நீங்க சொல்லாததே நல்லதாப் போச்சு சார். தாங்கியிருக்க மாட்டாக" என்றார்.

தாம் சுமந்த பழி பொய்யென்று அறிந்த அந்த நேரத்தில், அது கணவர் மேல் இறங்காமல் போனதே என்றுதான் அவர் மனம் ஆறுதல் கொண்டது. நான் அவரிடம், "யார் மேலும் இறங்க வேண்டிய பழி இது இல்லை, அம்மா. உங்கள் மகனுக்கும் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்" என்றேன். "சொல்றேன் சார்" என்று எழுந்தார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களின் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ அதே சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு மரபணுவின் பெயரும் எண்ணும் தேவையில்லை. விரல்கள் இரண்டாம் மாதத்திலேயே அமைந்துவிடுகின்றன என்ற ஒன்றை மட்டும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர் நெஞ்சில் உள்ள சுமை இறங்குவதற்கு அது போதும்.